பேரில்லாத பலகாரம்

— சொல்றதக் கேளுங்க ராத்தா. பேரில்லாத யாவாரம் வளராது. பயிற்சியில எங்கட சேர் முதல் நாளே சொன்ன விசயம் அது.

— உன்ட சேர் எப்பயாவது அரியதரம் சுட்டிரிக்காரா, றிஸ்மி தம்பி?

— அவர் ஏன் சுடணும்? யாவாரத்த எப்பிடி வளர்க்கிறதெண்டு படிப்பிக்கிறவரு.

— அப்ப அந்த மாவ இங்கால தள்ளிட்டு மறுகா கதை. கை சும்மா இருந்தா உனக்கு வாய் கூடுது.

— இந்தா, தள்ளிட்டன். இப்ப கேளுங்க. இந்தச் சாய்ந்தமருது ஊருல கலியாணப் பலகாரம் திறமாச் சுடுறது ஆரு?

— பொண்ணுட உம்மா.

— ராத்தா!

— என்னடா ராத்தா? அப்பிடித்தானே ஊரெல்லாம் சொல்றாங்க. பொண் வீட்டுல அடுப்பு மூட்டி, உம்மா, சாச்சி, மாமிமாரெல்லாம் கூடியிருந்து சுட்டு மாப்புள வீட்டுக்கு அனுப்பணும். வெளியில வாங்கினதெண்டு தெரிஞ்சா பொண் வீட்டுக்கு மரியாதையில்ல.

— ஆனாச் சுடுறது நீங்க.

— மெதுவாக் கதை. மதிலுக்கு அங்கால ஆளிரிக்கி.

— பாத்தீங்களா? மதிலுக்குப் பயந்து யாவாரம் செய்யிற ஒரே ஆள் உலகத்துல நீங்கதான்.

— பயமில்லடா, அதுதான் தொழில். போன மாசம் ஆகிலாட கலியாணத்துக்கு என்ன நடந்த தெரியுமா? நான் இங்க எண்ணெய்ச் சட்டியோட நிண்டு வேகுறன். அவட உம்மா அங்க வாசல்ல பெரிய தாச்சியப் போட்டு, எண்ணெயக் காயவெச்சு, ரெண்டே ரெண்டு முறுக்குப் பொரிச்சிரிக்கா. தெருவுக்கு வாசம் போகணுமாம்.

— மறுகா?

— மறுகா என்ன, பொழுதுபட்டு மக்ரிபுத் தொழுகைக்கு எல்லாரும் பள்ளிக்குப் போன நேரம் பாத்து வேன் வந்து ஏத்திட்டுப் போன. அடுத்த நாள் அவட உம்மா மீன் வாங்கக்குள்ள என்னக் கண்டு, ‘பலகாரம் சுட்டுச் சுட்டு இடுப்பு முறிஞ்சு போச்சு கா பரீனா’ எண்டு எனக்கே சொல்றா!

— நீங்க என்ன சொன்ன?

— தைலம் பூசச் சொன்னன்.

— சிரிக்காதீங்க ராத்தா. அந்த இடத்துலதான் யாவாரம் கையால நழுவுது. வாசல்ல பேர்ப் போட் இல்ல, முகநூல்ல ஒரு படமில்ல. புதுசா ஆள் எப்பிடி வரும்?

— ஒரு உம்மா இன்னொரு உம்மாட காதுக்குள்ள சொல்லுவா. வரிப்பத்தான்சேனையில இருந்தும் ஓடர் தர வந்தாங்களே, அது எப்பிடி? கேளு, நான் விக்கிறது ரெண்டு சாமான். ஒண்டு பலகாரம். மற்றது வாயத் திறக்காம இருக்கிற. ரெண்டாவதுக்குத்தான் கிராக்கி கூட.

— இது நல்லாயிரிக்கே! சேருக்குச் சொல்லணும்.

— சொல்லிப் பாரு, உன்ட வாய்க்குள்ள இந்த மாவ அடைக்கிறன். இப்பதானே விளங்கப்படுத்தின?

— சரி, சரி. அப்ப இப்பிடிச் செய்வம். யாவாரத்த ரெண்டாப் பிரிங்க. கலியாணத்துக்குப் பேரில்லாமச் சுடுங்க, உங்கட இஷ்டம். கடைக்கு, கந்தோர்ல வேல செய்யிறவங்களுக்கு, பெருநாளைக்குச் சின்னப் பக்கட்டுல பேரோட போடுங்க. காரைதீவு தங்கரத்தினம் டீச்சர் தீபாவளிக்கு எடுக்கிறாங்க, அவங்களுக்கு ஒளிக்க ஒண்டுமில்லையே? கலியாணமில்லாத மாசத்துலயும் அடுப்பு எரியும்.

— எல்லாம் சுடக் கைக்கு எங்கடா போற?

— எல்லாம் ஏன்? நாள் தாங்குற ரெண்டு சாமான மட்டும் எடுங்க. முறுக்கும் அரியதரமும். அந்த ரெண்டும் எண்டைக்கும் ஒரே ருசியில இருக்கணும். கேட்ட ஆளுக்கெல்லாம் ஓமெண்டு சொல்லிட்டு அள்ளிக்கட்டி ஓடக்கூடாது. ரெண்டும் பிடிபட்ட பிறகு மூணாவது.

— அது நல்லாத்தான் இரிக்கி.

— என்ன? கேக்கல்ல.

— நல்லாயிரிக்கி எண்டன். மூஞ்ச அப்பிடி வெச்சிட்டுப் பாக்காத. எப்பயாவது ஒரு தரம் நீயும் புத்தியாக் கதைக்கத்தான் செய்யிற.

— பேரும் யோசிச்சிட்டன். ‘பரீனா பலகாரம்’. ஸ்டிக்கரும் அடிச்சாச்சு. இந்தா, பாருங்க.

— யா அல்லாஹ்! கேக்காம அடிச்சே போட்டியா?

— கேட்டா விடமாட்டீங்களே. எப்பிடி இரிக்கி?

— நில்லு, கையத் துடைச்சிட்டு வாங்குறன். பரீனா… பள்ளிக்கூடம் விட்ட பிறகு என்ட பேர நான் அச்செழுத்துல கண்டதேயில்லடா. வடிவாத்தான் இரிக்கி.

— கண் கலங்குது?

— எண்ணெய்ப் புகை.

— அடுப்பே மூட்டல்லையே ராத்தா.

— வாயப் பொத்து. சரி, ஆசைதான். இல்லண்டு உனக்கிட்டச் சொல்லி என்ன? இந்த ஊருல எத்தினை கலியாணத்துக்குச் சுட்டிரிக்கன். ஒரு கலியாணத்துக்கு என்னக் கூப்பிட்டிரிக்காங்களா?

— ஆகிலாட வீட்டுக்குமா போகல்ல? அடுத்த தெருதானே?

— நான் போய்ப் பந்தலுக்குள்ள நிண்டா, ஆராச்சும் ‘இவதானே பலகாரக்காரி’ எண்டு வாய் தவறிச் சொன்னா என்ன கதி? அதால கூப்பிட மாட்டாங்க. புரியாணி மட்டும் பார்சல்ல வரும். பிழை சொல்லேலா, அவங்களுக்கும் பயம். எண்டாலும், பந்தல்ல இருந்து பாட்டுச் சத்தம் கேக்கக்குள்ள எனக்குச் சோறு இறங்காது.

— இத நீங்க ஒருநாளும் சொன்னதில்லையே ராத்தா.

— சொல்லி என்ன செய்ய? விடு. பக்கட்டுக்கு மட்டும் ஸ்டிக்கர், விளங்கிச்சா? கலியாணச் சாமான் பக்கம் இது போகவே கூடாது. ஏன் முழிக்கிற?

— முழிக்கல்லையே.

— இந்தக் கட்டு ஏன் பாதியா இரிக்கி?

— அது… ஒட்டுதா எண்டு பாத்த.

— எதுல ஒட்டிப் பாத்த? றிஸ்மி, என்னப் பாத்துச் சொல்லு.

— கோவிக்கக்கூடாது. இண்டைக்குக் காலையில ஸஹ்றா ராத்தா வீட்டுக் கலியாணப் பலகாரத் தட்டுகள வேனுக்கு ஏத்தக்குள்ள…

— மருதமுனை மாப்புள வீட்டுக்குப் போன தட்டுலயா?

— மேல ஒட்ட எனக்கென்ன விசரா? அடியில. தட்டுக்கு அடியில ஒட்டினா ஆரு பாக்கப்போறாங்க?

— பலகாரத்த எடுத்திட்டு அந்தத் தட்ட என்ன செய்வாங்க?

— கழுவுவாங்க.

— கழுவி?

— கவுத்து… அல்லாவே.

— கவுத்து வைப்பாங்க! மாப்புள வீட்டுக் கிணத்தடியில, வரிசையா, வாற போற பொண்டுகளெல்லாம் பாக்க!

— டெலிபோன் நம்பரும் இரிக்கி ராத்தா.

— நம்பருமா?

— ‘ஓடர் எடுக்கப்படும்’ எண்டும் இரிக்கி.

— தண்ணி பட்டாக் கழண்டிராதா?

— கழராது. தண்ணி தாங்குறதா வேணுமெண்டு கேட்டுத்தான் அடிச்ச.

— உனக்குப் பயிற்சி தந்த அந்தச் சேர என்ட கண்ணுல காட்டிராத. ஸஹ்றா ராத்தாக்கு இருக்கிறது ஒரே மகள்டா! மாப்புளட உம்மாட வாய் எப்பிடிப்பட்ட வாயெண்டு மருதமுனையில கேட்டுப் பாரு. நாளைக்குக் கலியாணம், இண்டைக்கு இந்தக் கூத்து. காலத்துக்கும் அந்தப் புள்ள குத்துக்கதை கேக்கணும். இனி எந்த உம்மா என்ன நம்பி இந்த வாசலுக்கு வருவா? என்ட யாவாரம் இத்தோட முடிஞ்ச.

— மோட்டார் சைக்கிள்ல போய்ச் சுரண்டிட்டு வாறன்.

— என்ன சொல்லிட்டுப் போவாய்? ‘தட்டுக்கு அடியப் பாக்க வந்த’ எண்டா?

— தண்ணி கேக்கிற மாதிரிக் கிணத்தடிக்குப் போறன்.

— கலியாண வீட்டுப் பொண்டுகளுக்குள்ளயா? அடிச்சே கொல்லுவாங்க. நல்லது, போ.

— ராத்தா, போன் அடிக்குது. ஸஹ்றா ராத்தாதான்.

— எடுக்காத!

— எடுக்கணும். கோவத்துல இருக்கிற வாடிக்கையாளர்ட முதல் போன் கோல எடுக்காட்டி அவங்க திரும்ப வரவே மாட்டாங்க எண்டு சேர்…

— திரும்பவும் சேரா! கை முழுக்க மா, நீயே ஸ்பீக்கர்ல போட்டுப் பிடி. அஸ்ஸலாமு அலைக்கும், ஸஹ்றா ராத்தா.

— வஅலைக்குமுஸ்ஸலாம். என்ன வேல கா பாத்து வெச்சிரிக்க, பரீனா?

— மன்னிச்சிருங்க ராத்தா. எனக்குத் தெரியாம என்ட தம்பி…

— பேசாமக் கேளு கா. மருதமுனையில இருந்து சம்பந்தி கொஞ்சம் முன்னதான் போன் எடுத்த. தட்டெல்லாம் கழுவினாங்களாம்.

— அல்லாவே.

— ‘ஆரு இந்தப் பரீனா?’ எண்டு கேட்டா. பின்னால பொண்டுகள் கிளுகிளுத்துச் சிரிக்கிற எனக்குக் கேக்குது. என்ட நெஞ்சு தண்ணியாப் போச்சு கா.

— நான் இப்பவே மருதமுனைக்குப் போறன். பலகாரம் நீங்கதான் சுட்ட, தட்டு மட்டும் எனக்கிட்ட இரவல் வாங்கின எண்டு சொல்றன்.

— கிழிச்ச. எல்லாத் தட்டுலயும் என்ட பேர் வெட்டிக் கிடக்கு.

— அப்ப நீங்க என்ன சொன்ன?

— வாய்க்கு வந்ததச் சொல்லிட்டன். இனி அத மாத்தேலா.

— எனக்கு இனி ஓடர் தர வேணாம் ராத்தா. என்னப்பத்தி என்ன சொல்லியிருந்தாலும் பரவாயில்ல. புள்ளைக்கு ஒரு குறையும் வராட்டிச் சரி.

— புள்ளைக்கு என்ன வாற? சம்பந்தி அரியதரத்தத் திண்டுட்டு வாயாறச் சொல்றா. இதச் சுட்ட கைய நாளைக்குப் பாத்துத்தான் ஆகணுமாம்.

— என்ட கையயா?

— ஓம் கா, உன்ட கையத்தான். பகல் லுஹர்த் தொழுகைக்கு முன்ன வந்திரு. நல்ல சாரி இருந்தா எடுத்து வை, இல்லாட்டி என்ட அலுமாரியில எடு. பொண்ணுக்குப் பக்கத்துல நீதான் நிக்கணும்.

— ராத்தா, விளையாடாதீங்க. நான் அங்க வந்து நிண்டா, பலகாரக்காரி எண்டு ஆராச்சும்…

— ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. எங்கட ஆக்களுக்கெல்லாம் வீடு வீடாப் போன் எடுத்துச் சொல்லிட்டன்.

— என்ன சொன்னீங்க?

— வேற என்ன சொல்ற? பரீனா என்ட கூடப்பிறந்த தங்கச்சி. வெளியில யாவாரத்துக்குச் சுடுறவள், என்ட மகள்ட கலியாணத்துக்குத் தன்ட கையாலயே சுட்டுத் தந்தாள். அந்தப் பெருமையில தட்டெல்லாம் பேர ஒட்டிட்டாள் எண்டு சொல்லிட்டன். புள்ளையும் சாச்சி எப்ப வருவா எண்டு கேட்டுட்டு இரிக்காள். நாளைக்கு நீ வராட்டித்தான் கா நான் பொய்க்காரி.