நந்தியாவட்டைக் குருவி

சங்கரன்கோவிலில் ராயகிரி பஸ் ஏறும்போது செருப்பு அறுந்துவிட்டது. அதைக் கையில் பிடித்தபடி நின்றேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவள் மடியில் பூச்சிமருந்து பாட்டில்.

“எங்க வீட்டுக் குருவிக்காவத்தான் இந்த மருந்து” என்றாள் அவள்.

“குருவிக்கு மருந்தா, மதினி?” என்றாள் இளையவள்.

“கேளுட்டி. பொழுது அடைஞ்சதும் எங்க நந்தியாவட்டைக்கு ஒரு குருவி வருது. அந்தரத்துல நின்னே தேன் குடிக்கும். வாதம் வந்து படுத்ததுல இருந்து ஒங்கண்ணன் சிரிக்கதே அதைப் பாத்துத்தான். இப்போ கொம்பு வச்ச பச்சப்புழு இலையெல்லாம் திங்குது. செடி போனா குருவி வராதே. ‘மருந்தடிச்சுக் கொல்லு’ன்னு ஒரே சத்தம்.”

“அது குருவி இல்ல மதினி, அந்துப்பூச்சி. எம் மக அந்தப் புழுவை டப்பால போட்டு வளத்தா. கடைசில உங்க குருவிதான் வெளிய வந்துச்சு.”

மூத்தவள் பாட்டிலைப் பைக்குள் திணித்தாள்.

“அப்போ வெறுந்தண்ணியத்தான் அடிக்கணும்.”

“அண்ணன் கண்டுபிடிச்சிட்டா?”

“அவரா? பூச்சியப் போயி குருவிங்காரு. தண்ணிய மருந்துன்னு நம்ப மாட்டாரா?”