மூணாவது பத்தி

ஹலோ... ஆமா, டோபின்தான். யாரு... அட, சார்ஜன்ட் லுண்ட்க்விஸ்டா! நெப்ராஸ்காலேர்ந்தா? உங்க குரல் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்னுட்டேன், பாருங்க... ஆமா, ஆமா, இன்னும் வெள்ளை மாளிகை பட்ஜெட் ஆபீஸ்லதான்.

கடுதாசியா? எந்தக் கடுதாசி?... ஓ, அதுவா. ராணுவக் கட்டடம் கட்டறதுக்கும் பழைய சிப்பாய்ங்க வைத்தியத்துக்கும் பணம் ஒதுக்கற மசோதா. அதுல சிலதை எதிர்த்து வெள்ளை மாளிகை சபைக்கு அனுப்பினது... உங்க பழைய சிப்பாய்ங்க சங்கத்துல சத்தமா படிச்சீங்களா? எல்லாரும் கேட்டாங்களா?... ஓ.

யாரு எழுதினதா? அது... பெரிய ஆபீஸ், சார்ஜன்ட். ஆறு பேர் கையெழுத்துப் போடுவாங்க... இல்ல, கழுதைன்னெல்லாம் சொல்லாதீங்க. வாக்கியம் நல்லாத்தானே இருக்கு? "கடுமையாக எதிர்க்கிறது." வெறும் "எதிர்க்கிறது"ன்னா இங்க யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. "கடுமையாக" போட்டாத்தான்...

எதை எதிர்க்குதா? படிங்க... மூணாவது பத்தி... நம்ம ஊருக்கு வரப்போற சிப்பாய் ஆஸ்பத்திரியையா? இருக்காது. இந்த வருஷம் அதைக் கேட்டதே நாங்கதானே! இன்னொரு தடவை படிங்க...

ஐயோ.

இல்ல, இருக்கேன். உக்காந்துட்டேன்.

சார்ஜன்ட், அது போன வருஷத்துப் பத்தி. போன வருஷம் வேண்டாம்னோம், இந்த வருஷம் வேணும்னோம். பழைய கடுதாசியை எடுத்துத் தேதியை மாத்தறதுதான் இங்க வழக்கம். அந்தப் பத்தியை அழிக்க மறந்து... ஆமா. மறந்தது நான்தான். எழுதின கழுதையும் நான்தான்.

...

திட்டுங்க சார்ஜன்ட். எனக்கு இது வேணும்.

யாரு, ஆம்ப்ரோஸா? ஒத்தைக் காலோட இன்னமும் ஆஸ்பத்திரிக்கு மூணு மணி நேரம் வண்டியில போறானா? டயாலிசிஸ் வேறயா... வாரத்துக்கு எத்தனை தடவை?... சண்டையில அடிபட்ட என்னைச் சுமந்துட்டு வந்தவன். நான் அவனுக்குச் செஞ்ச கைம்மாறு இது.

சபையில ஓட்டெடுப்பு இன்னிக்கு மூணு மணிக்கு. இப்ப ரெண்டு பத்து... திருத்தலாம்தான். ஆனா எங்க கட்டடத்துல தப்புன்னு ஒண்ணு கிடையாது. வெளியே போயிடுச்சுன்னா அதுக்குப் பேரு கொள்கை. என் மேலதிகாரி கோடெல் அம்மாகிட்டப் போய் நான்தான்னு சொல்லணும். பதினோரு வருஷம் நல்ல பேரு எடுத்து...

சரி. சரி, சார்ஜன்ட். போறேன். நீங்க வைக்காதீங்க. லைன்லயே இருங்க. நடந்துட்டேதான் இருக்கேன்... பயமா இருக்கு. சண்டையிலகூட இப்படிப் பயந்ததில்ல... ஆமா, அங்கயும் பயந்தேன். நீங்க பாத்தீங்க, சரி.

மேடம், ஒரு நிமிஷம். அந்த மூணாவது பத்தி போன வருஷத்தோடது. நான்தான் விட்டுட்டேன். ஓட்டெடுப்புக்கு முன்னாடி வாபஸ் வாங்கணும்... ஆமா மேடம், நான்தான்... போன்ல இருக்கறவரா? என் பழைய சார்ஜன்ட்... வெளியே நிக்கறேன் மேடம்.

ஹலோ, சார்ஜன்ட்? கதவைச் சாத்திட்டாங்க. கண்ணாடி வழியா தெரியுது... போனை எடுத்துட்டாங்க. சபைக்குத்தான்... மேசையைத் தட்டறாங்க... கட்டை விரலைக் காட்டறாங்க! போயிடுச்சு, சார்ஜன்ட், பத்தி போயிடுச்சு! ஆம்ப்ரோஸ்கிட்டச் சொல்லுங்க!

இருங்க, கதவைத் திறக்கறாங்க... என்ன மேடம்?... சரி மேடம், சொல்றேன்.

உங்களுக்குத்தான் சேதி, சார்ஜன்ட். கையெழுத்துப் போட்ட ஆறு பேர்ல ஒருத்தரும் அதைப் படிக்கலையாம். அமெரிக்கா முழுக்கப் படிச்ச ஒரே ஆள் நீங்கதானாம்... சிரிக்காதீங்க... என் வேலையா? அதைப் பத்திப் பேசத்தான் கூப்பிடறாங்க. வைக்கறேன்.