கிண்ணத்துக்கு மேசையில் இடம் உண்டா?

அவைத் தலைமை ஏற்றிருக்கும் பாதிரியார் அவர்களே, குளிரைப் பொருட்படுத்தாது முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, விரல்களில் பழக்கறை இன்னும் போகாத தாய்மார்களே, கடல் கடந்து வந்த விருந்தினர்களே, வணக்கம்!

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மார்மெலாதா இனிப்பைத் திருவிழாப் பழப்பாகுப் போட்டியிலிருந்து நீக்கிய முடிவைப் போட்டிக் குழு மீண்டும் ஆராய்கிறது. இன்று நண்பகல் செயலாளர் பெல்மிரோ என்னிடம் நேரில் சொன்னார். கை தட்டாதீர்கள், அன்பர்களே. முடிவு இன்னும் மாறவில்லை.

ஏன் நீக்கினார்கள்? சீசாவில் கொண்டுவரும் விருந்தினர் மனம் கோணக்கூடாதென்று ஒரு விதி போட்டார்கள்: எல்லாம் மூடிய கண்ணாடிச் சீசாவில்தான் வரவேண்டும், கரண்டியால் அள்ளும்படி இருக்கவேண்டும். எந்த ஊரில்? மார்மேலு எனும் சீமைமாதுளம்பழத்தைச் சர்க்கரையோடு கிளறி, கிண்ணத்தில் ஊற்றி, ஜன்னலோரம் காயவைத்து, கத்தியால் வெட்டிப் பாலாடைக்கட்டியோடு தின்னும் இந்தப் போர்ச்சுகல் ஊரில்!

நம் அதோசிந்தா அம்மாள் விதிக்குப் பணிந்தார். சீசாவில் ஊற்றினார்; மூடினார். சுவைக்கும் நாளில் கரண்டி இறங்கவில்லை, கவிழ்த்தால் விழவில்லை.

"என்னம்மா இது, செங்கல்லா?" என்றார் ஸ்காட்லாந்திலிருந்து வந்த எல்ஸ்பெத்.

"செங்கல்லுதான். பல்லுல மாட்டுற உங்க ஆரஞ்சுத் தோலுக்கு என்ன பேராம்?" என்றார் அதோசிந்தா.

"மார்மலேட்! எங்க அரசி ஒருத்தி நோயில படுத்தப்போ, 'அரசிக்கு நோவு'ன்னு பிரெஞ்சுல சொன்னதுல வந்த பேரு."

"நோயில வந்ததா? அப்ப டாக்டருக்கில்ல குடுக்கணும்!"

ஆஸ்திரியாவின் வால்ட்ராவுட் இடையில் புகுந்தார்: "ஏங்க சண்டை? எங்க ஊர்ல எந்தப் பழத்தைக் காய்ச்சினாலும் மார்மெலாதேதான்."

எல்லோரும் சிரித்தோம். பிறகு பெல்மிரோ விதியைப் படித்து, அதோசிந்தா போட்டியில் இல்லை என்றார். சிரிப்பு நின்றது.

"பேரு பொறந்த மண்ணுலயே எனக்கு இடமில்லையா, பெல்மிரோ?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மாள்.

அரசி கதைக்குச் சான்றில்லை, தேடிவிட்டேன். சான்றுள்ளது இதுதான். இந்தப் பழத்தைக் கிரேக்கர் 'தேன் ஆப்பிள்' என்றனர். லத்தீன் அதை வாங்கியது. நம் நாவில் அது மார்மேலு ஆனது. பழத்தின் பெயர் பண்டத்துக்குப் போனது. பண்டம் கப்பலேறியது. ஆங்கிலக் கரையில் ஆரஞ்சுக்குள் புகுந்தது. பிரான்சில் குழைய வெந்த பழக்கூழானது. ஜெர்மன் நாவில் எல்லாப் பழத்துக்கும் பொதுவானது. மாறியதில் பிழை என்ன? எல்ஸ்பெத்தின் சீசா வரட்டும்! வால்ட்ராவுட்டின் சீசா வரட்டும்! ஊர் விட்டுப் போன சொல்லுக்கெல்லாம் மேசையில் இடம் உண்டு; ஊரிலேயே இருந்த சொல்லுக்கு மட்டும் இல்லையா?

மறுபரிசீலனை கேட்டுக் குழுவிடம் முதலில் போனவர் யார் தெரியுமா? எல்ஸ்பெத்!

"அந்தச் செங்கல்லையே அதோசிந்தா வீட்டுக் கிண்ணத்துல இருந்து ஒரு துண்டு வெட்டிக் குடுத்தாங்க, தின்னேன். அது இல்லாத மேசையில ஜெயிச்சு எனக்கு என்ன பெருமை?" என்றாராம்.

குழு சனிக்கிழமை மாலை கூடுகிறது. அதோசிந்தா புதிதாகக் கிண்ணங்களில் ஊற்றியிருக்கிறார். அவை வெட்டும் பதத்துக்கு வருவதும் சனிக்கிழமைதான். அதற்குமேல் இன்று எனக்குத் தெரியாது. பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.