மீட்டர் அண்ணனும் என் வேலியும்

மேடையில் இருக்கும் பெரியோர்களே, அண்ணனின் துணைவியாரே, மகளே, வெட்டுக்கத்தியும் மண்வெட்டியுமாக எத்தனையோ ஞாயிறுகள் அவர் பின்னால் நடந்து, இன்று வெறுங்கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பாதைக் குழுத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புதர் மண்டிய பொதுப்பாதைகளைத் திறந்துவிடும் நம் குழுவின் தலைவர், ஓய்வு பெற்ற மின் கணக்கீட்டாளர், ஊரே 'மீட்டர் அண்ணன்' என்று அழைத்த அந்த நல்ல மனிதர் போய்ப் பத்து நாள் ஆகிறது. அவரைப் பற்றிப் பேச இந்த பேக்கரிக்காரனை ஏன் அழைத்தார்கள்? நான் அவருக்கு உறவா? இல்லை. பள்ளித் தோழனா? இல்லை. அவர்மேல் போலீசில் புகார் கொடுத்தவன் நான்!

சிரியுங்கள், தப்பில்லை. அவரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு. வேலை முடிந்து வீடு திரும்புகிறேன். என் வீட்டுப் பின்பக்கச் செடிவேலியில் அறுபது அடியைக் காணோம்! அண்ணன் தலைமையில் எட்டுப் பேர் வியர்க்க விறுவிறுக்க வெட்டி, வெட்டியதைக் கட்டுக்கட்டாக அடுக்கியும் வைத்திருந்தார்கள்.

"யாரைக் கேட்டுய்யா வெட்டினீங்க?" என்று கத்தினேன்.

"பொதுப்பாதை சார். புதர் மண்டிக் கிடந்துச்சு."

"பாதையா? இது என் வேலிய்யா!"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. வரைபடத்தை அப்போதுதான் பிரித்துப் பார்த்தார்.

"இருபது வருஷமா மீட்டர் பார்க்க இந்த இடுக்குலதான் சார் நுழைஞ்சு வருவேன். பாதைன்னே நெனச்சுட்டேன். தப்பு என்னுதுதான்."

நான் புகார் கொடுத்தேன். அவர் மறுநாளே செடிகளோடு வந்து நின்றார். நட்டார். மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினார். முதல் வாரம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் வாரம் நாற்காலி போட்டேன். ஐந்தாம் வாரம், "கால்வாய்ப் பாதைல ஆள் பத்தலை சார்" என்றார். புகார் சொன்ன அதே வாய், "நானும் வரேன்" என்று சொல்லிவிட்டது! செய்த தப்பை இப்படிச் செடி நட்டு, தண்ணீர் ஊற்றிச் சரிசெய்த மனிதர் வேறு யார் இருக்கிறார்?

அந்தக் கால்வாய்ப் பாதைக்குத்தான் இப்போது ஆபத்து. அக்கரையில் நாற்பது வீடுகள். பாதையில் நடந்தால் மருத்துவமனை பதினைந்து நிமிடம். சாலை வழியாகச் சுற்றினால் ஒன்றரை மணி நேரம். பிள்ளைத்தாய்ச்சி சுற்றுவாளா? மூச்சு வாங்கும் பெரியவர் சுற்றுவாரா? போன வருட வெள்ளத்துக்குப் பிறகு மறுபடியும் முள் மண்டிப்போனதால், யாரும் நடக்காத பாதை என்று வரைபடத்திலிருந்து நீக்கப் பார்க்கிறார்கள். நாளை மறுநாள் பாதையைப் பார்வையிட அதிகாரிகள் வருகிறார்கள். முக்கால்வாசியை அண்ணன் திறந்துவிட்டார். இன்னும் இருநூறு அடி பாக்கி.

நேற்று அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதும் அப்பா, 'பாதை முடிஞ்சுதா'ன்னுதான் கேட்டார், மாமா. 'முடிஞ்சுருச்சுப்பா'ன்னு பொய் சொல்லிட்டேன். நிம்மதியா கண்ணை மூடிக்கிட்டார்."

தோழர்களே! அந்தப் பெண்ணை அந்தப் பொய்யோடு விட்டுவிடலாமா?

இரங்கல் கூட்டத்தில் ஒரு நிமிடம் எழுந்து நிற்பது வழக்கம். எழுந்து நில்லுங்கள். ஆனால் திரும்ப உட்காராதீர்கள். கத்திகளும் கையுறைகளும் வாசலில் வண்டியில் இருக்கின்றன. வெயில் சாய இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது. இங்கே இருப்பவர்களோ நூறு பேருக்குக் குறையாது.

அழாதேம்மா. நீ அப்பாவிடம் சொன்னது இன்று சாயங்காலத்துக்குள் உண்மையாகிவிடும்.