மச்சானுக்கு வைத்த கடிகாரம்

கணினித் திரையில் ஒரு கடிகாரம் வைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, டாக்டர். யூனிக்ஸ் என்கிற இயங்குதளம் தெரிந்த யாரும் செய்வார்கள். ஒரு வரிக் கட்டளை போட்டால், இரண்டு முட்களோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். பார்க்கப்போகிறவரின் கண்ணுக்கும் குணத்துக்கும் ஏற்றபடி அமைப்பதில்தான் வேலையே இருக்கிறது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஆலையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கு ஊதுவதற்கு முன்பே வாசலில் நின்று, யார் எப்போது உள்ளே வருகிறார்கள் என்று பார்ப்பதுதான் உத்தியோகம். வீடு அவருடையது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில், "தனியா போய் ஏன் கஷ்டப்படறீங்க, இங்கயே இருங்க" என்று சொன்னவர். நல்ல மனுஷர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ஆலையை விட்டபின் வருகை பார்க்க அவருக்கு நான் ஒருவன்தான் மிஞ்சினேன்.

ஒருமுறை என் அலுவலக நண்பர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். நான் கொஞ்சம் தாமதமாக நுழைந்தேன். "வாங்க மாப்பிள்ளை, சோத்து நேரத்துக்கு நாய்கூட கரெக்டா வந்துடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

பிறகு அவருக்குச் செய்த கண் அறுவைச் சிகிச்சை சரியாக அமையவில்லை. வெளிச்சம் கூசியது. மாடி அறையில் தடித்த திரைச்சீலை போட்டுக்கொண்டு, என் பழைய கணினியில் காய்களைப் பெரிதாக்கி வைத்துச் சதுரங்கம் ஆடுவார். கைக்கடிகாரமும் கைபேசியும் அவருக்கு வெறும் புகைமூட்டம்.

"மணி தெரியாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு மாப்பிள்ளை. இதுல ஒரு கடிகாரம் வச்சுக் குடுங்களேன்."

கேட்டது அவர். இதை நீங்கள் மறக்கக் கூடாது.

கறுப்புப் பின்னணியில் மஞ்சள் முட்கள் வைத்தேன். நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும் என்று சொல்லிவிட்டால் விநாடி முள் தானாக மறைந்துவிடும். அது ஓடினால் அவருக்குக் கண் வலிக்கும். அரை மணிக்கு ஓர் ஒலி, முழு மணிக்கு இரண்டு. சதுரங்கப் பலகை திறந்திருந்தாலும் கடிகாரம் அதற்கு மேலேயே நிற்கும். மச்சான் திரையைத் தடவிப் பார்த்தார். "மகராசனா இருங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அந்தக் கடிகாரத்துக்கு நேர மண்டலத்தைத் தனியாகச் சொல்லலாம். வேற்றூர் நேரம் பார்ப்பவர்களுக்கான வசதி அது. கணினியின் நேரம் மாறாது. அந்த ஒரு கடிகாரம் மட்டும் வேறு ஊரில் இருக்கும். அந்த ஊர் நிஜமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்று சொன்னால் போதும், நாமே ஓர் ஊரை உண்டாக்கிக்கொள்ளலாம். நான் உண்டாக்கினேன்.

முதலில் கால் மணி நேரம்தான் பின்னால் வைத்தேன். நான் வேலை முடிந்து வந்தால் அவர் கணக்கில் சரியான நேரமாக இருக்கும். வீட்டில் சண்டை இல்லை. "அண்ணன் இப்பல்லாம் உங்கள ஒண்ணும் சொல்றதில்ல, பாத்தீங்களா?" என்று என் மனைவியே சந்தோஷப்பட்டாள்.

குறுக்கே வந்தது ரேடியோ.

"ரேடியோக்காரன் எட்டுங்கறான். இது ஏழே முக்கால் காட்டுதே?"

"அது மறு ஒலிபரப்பு மச்சான்."

"செய்தியக்கூடவா மறுபடி போடுவான்?"

"இப்பல்லாம் அப்படித்தான்."

நம்பினார். ஆயுள் முழுக்க நேரத்தைக் காவல் காத்தவர், ரேடியோவை விட்டுவிட்டு என்னை நம்பினார். அந்த நம்பிக்கைக்குப் பங்கம் வரக் கூடாது என்று ரேடியோவைப் பழுதுபார்க்க எடுத்துப்போனேன். இன்னும் கடையில்தான் இருக்கிறது.

அதன் பிறகு கொஞ்சம் தாராளமாக இருந்தேன். அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே அவர் கணினிக்குள் நுழையலாம். யூனிக்ஸின் அழகே அதுதான். ஒரு நாள் கடிகாரம் முந்தும், மறுநாள் பிந்தும். காலைப் பலகாரம் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மாடியிலிருந்து குரல் வரும்.

"ஏம்மா, மத்தியானச் சாப்பாடு இன்னும் வரலியே?"

"இப்பத்தானேண்ணே சாப்பிட்டீங்க?"

"மணி ஒண்ணு ஆயாச்சு. எனக்கா நேரம் தெரியாது?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி வருவாள். நான்தான் தேற்றுவேன். ஒருமுறை அவள் திரையைப் பார்த்துவிட்டு, கடிகாரமே தப்பாக ஓடுகிறதே என்று கேட்டாள். அவர் எதையாவது அமுக்கியிருப்பார் என்றேன். மச்சானும் ஒப்புக்கொண்டார். "நான்தான் எதையோ தொட்டுட்டேன் போல. மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை." அவர் தன்மீதே சந்தேகப்பட்டது அன்றுதான். எனக்குப் பாவமாக இருந்தது. மறுநாள் முழுக்கச் சரியான நேரத்தையே ஓடவிட்டேன். அது அவரை இன்னும் குழப்பிவிட்டது.

நரம்பு மருத்துவரை வீட்டுக்கே வரவழைத்தோம். "இப்ப காலையா, சாயங்காலமா, பெரியவரே?" என்று கேட்டார். மச்சான் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை சொல்லட்டும்" என்றார்.

அதற்கு மேல் அந்த மருத்துவர் கேட்க ஒன்றும் இல்லை. உங்கள் முதியோர் இல்லத்தில் இடம் பார்த்தோம். வண்டி ஏறும்போது மச்சான் என் கையை விடவில்லை. "தங்கச்சிய நல்லா பாத்துக்குங்க" என்றார்.

இப்போது நீங்கள் வந்து, அவர் மூளையில் ஒரு குறையும் இல்லை என்கிறீர்கள். இல்லத்துக் கூடத்தில் பெரிய சுவர்க் கடிகாரம் மாட்டிய பிறகு ஒரு நாள்கூட அவருக்கு நேரம் தப்பவில்லையாம். ஆனாலும் போகிறவர் வருகிறவரை நிறுத்தி, அந்தக் கடிகாரம் சொல்வது உண்மைதானா என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறாராம். இதற்கு நான் காரணமா என்று கேட்டீர்கள். ஆமாம், நான்தான் செய்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

அவர் அறையில் இப்போது என் மேசை கிடக்கிறது. திரைச்சீலையை எடுத்ததும் நல்ல காற்று வருகிறது. அதற்காகச் செய்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தான் சொல்வதே சரி என்று ஒரு மனுஷர் கடைசிவரை இருப்பது உடம்புக்கு நல்லதல்ல. இப்போது அவர் குரலில் எவ்வளவு பணிவு, கவனித்தீர்களா?

என் கவலையெல்லாம் மனைவியைப் பற்றித்தான். அண்ணனைத் திரும்ப அழைத்து வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஓயாமல் கேள்வி கேட்கிறாள். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள். கவனம் சிதறாமல் இருக்கட்டும் என்று போன மாதம் அவள் கணினியிலும் ஒரு கடிகாரம் வைத்துக் கொடுத்தேன். பாவம், அவளுக்கும் இப்போது நேரம் தப்ப ஆரம்பித்திருக்கிறது. குடும்பத்திலேயே உள்ளது போலிருக்கிறது. ஒரு நாள் உங்களிடம் அழைத்து வருகிறேன், டாக்டர். நான் சொன்னால் இன்னும் முழுசாக நம்பமாட்டேன் என்கிறாள்.