கீழே, இடது பக்கம்

சனிக்கிழமைக் காபி எப்போதும் நான் போடுவது. அதனால் இன்று லொரெட்டா, நீங்கள் போட்டதைக் குடிக்கும்போது அடுத்த வீட்டுக்கு விருந்து வந்தது போல இருக்கிறது. கொஞ்சம் தண்ணியாக இருக்கிறது, பரவாயில்லை. கமிட்டிக்காரர்கள் நீங்கள் மூன்று பேரும் மேசைக்கு அந்தப் பக்கம் இப்படி வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நான் ஓடிப்போகிற ஆள் இல்லை. இருபத்தாறு வருஷமாக இந்தத் துப்பாக்கிக் கிளப்பின் சுடுதள அதிகாரி நான். இத்தனை வருஷத்தில் ஒருவர் விரலில்கூட ஒரு கீறல் விழுந்ததில்லை. அதையும் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள் லொரெட்டா.

டீன் ஹார்ட்ஸலைப் பற்றிச் சொல்லச் சொன்னீர்கள். டீன் என் நண்பன். என் கல்யாணத்தில் மோதிரத்தைப் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் கொடுத்தவன். மான் வேட்டைப் பருவம் தொடங்குகிற முதல் நாள் காட்டுக்குள் என்னோடு வருகிறவன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு அவன்மேல் ஏதோ வன்மம் என்று நம் உறுப்பினர் வால்ட் நேற்று பார்க்கிங்கில் சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்படி ஒன்றும் கிடையாது.

கதவோரப் பலகையில் இருக்கிற ஆணிகளைப் பாருங்கள். வருஷப் போட்டியில் ஜெயித்தவரின் காபிக் கோப்பை முதல் ஆணியில் தொங்கும். பதினாலு வருஷம் அங்கே தொங்கியது டீனுடைய கோப்பை, அந்த நீலக் கோப்பை. பதினாலு வருஷமும் இரண்டாவது ஆணியில் என்னுடையது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. இரண்டாவது ஆணிக்கு நேரே ஜன்னல் இடுக்கில் காற்று வரும், கோப்பை சில்லென்று இருக்கும், அவ்வளவுதான்.

மார்ச் மாதம் டீன் புதுப் பிஸ்டல் கொண்டுவந்தான். உடம்பெல்லாம் பாலிமர் பிளாஸ்டிக், கறுப்பு. பெட்டியைத் திறந்ததும் எல்லாரும் மொய்த்துக்கொண்டோம். அவன் அதுவரை சுட்டதெல்லாம் அவன் அப்பா வைத்திருந்த எஃகுப் பிஸ்டலில்தான்.

"என்னடா இது, பொம்மையா? பேட்டரி எங்க போடணும்?" என்று கேட்டேன்.

"கையில வாங்கிப் பாருடா. பஞ்சு மாதிரி இருக்கு. அந்த இரும்பத் தூக்கித் தூக்கி என் மணிக்கட்டே போச்சு."

பதினைந்து கஜத்தில் பத்துக் குண்டு சுட்டான். பத்தும் நடுக் கறுப்பில். ஒரு பிஸ்கட்டை வைத்தால் எல்லா ஓட்டையும் மறைந்துவிடும். தாளை உயர்த்திக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தான்.

"பாவம்டா ரஸ். இன்னும் பதினாலு வருஷம் ரெண்டாவது ஆணிதான் உனக்கு. ஒரு ஸ்வெட்டர் பின்னிப் போடு அந்தக் கோப்பைக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதிக நேரம் சிரித்தது நான்தான், கேட்டுப் பாருங்கள்.

பிறகு எல்லாரும் ஷெட்டுக்கு மான்கறி சில்லி சாப்பிடப் போனீர்கள். துப்பாக்கிகள் காலியாக, வாய் திறந்தபடி பெஞ்சில் கிடக்கும். அப்போது சுடுதள அதிகாரியைத் தவிர யாரும் அவற்றைத் தொடக் கூடாது. நான் எழுதிய விதி, நல்ல விதி. டீனுடைய பிஸ்டலில் குறி பார்க்கிற பின்துண்டு, அதாவது பின்குறி, ஒரு காடியில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. பித்தளைக் கம்பியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். ஒரு தலைமுடி அளவு இடது பக்கம் நகர்ந்தது. கண்ணால் பார்த்தால் தெரியாது.

விளையாட்டுக்குத்தான். பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான், என்னைத் துரத்துவான் என்று நினைத்தேன். புதுத் துப்பாக்கி திடீரென்று இடது பக்கம் சுட்டால் யாராக இருந்தாலும் துப்பாக்கியைத்தானே முதலில் பார்ப்பார்கள்.

ஆனால் டீன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. சுவரில் அந்த வட்டப் படத்தை மாட்டியவனே அவன். குண்டு எந்தப் பக்கம் போனால் கையில் என்ன கோளாறு என்று துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டிருக்கிற படம். கிளப்பில் புதிதாகச் சேருகிறவர் யாராவது குறி சரியில்லை என்று முனகினால், டீன் அவரைத் தோளைப் பிடித்து அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்துவான். "துப்பாக்கி பொய் சொல்லாது. உன் கையப் பாரு" என்பான். என்னிடமும் சொல்லியிருக்கிறான், என் மனைவி பக்கத்தில் இருக்கும்போது.

அன்றைக்குச் சாப்பிட்டு வந்து சுட்டான். பத்தும் இடது பக்கம். துப்பாக்கியை அவன் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்று ஆள்காட்டி விரலைத் தடவிக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஆப்பிள் கேக் வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை குழல் முனையில் இருக்கிற முன்குறியைக் கழற்றிவிட்டு ஒரு நூல் உயரமானதைத் திருகினேன். முன்குறி உயர்ந்தால் குண்டு தாழப் போகும். வெறும் இடது பக்கம் என்றால் அந்தப் படத்தில் சின்னத் தப்புதான். கீழே, இடது பக்கம் என்றால் வெடிச் சத்தத்துக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கிறான் என்று அர்த்தம். வேலையை அரைகுறையாக விடுவது என் சுபாவம் இல்லை.

மே மாதம் முதல் தடவையாக அவனுக்குச் சந்தேகம் வந்தது.

"ரஸ், நீ ஒரு தடவ சுட்டுப் பாரேன். ஒருவேள துப்பாக்கிலயே ஏதாச்சும்..."

நான் தயாராக இருந்தேன். என் பழைய பிஸ்டல் ஒன்றின் குறிகளை அதே அளவுக்குத் திருப்பிவைத்துக்கொண்டு மூன்று வாரம் வீட்டுக்குப் பின்னால் பழகியிருந்தேன். மேலே வலது மூலையைக் குறி வைத்தால் குண்டு சரியாக நடுவில் போகும். பத்துக் குண்டு, பத்தும் கறுப்பில். வால்ட்கூடக் கை தட்டினார். பிஸ்டலை டீன் கையில் திருப்பிக் கொடுத்து, "துப்பாக்கி பொய் சொல்லாதுடா" என்றேன்.

அவன் தலையாட்டினான்.

டீனின் அப்பாவுக்கு அறுபத்தாறு வயதில் கை நடுக்கம் வந்தது. கடைசியில் கரண்டி வாய்க்குப் போகாது. டீனுக்கு இந்த வருஷம் அறுபத்தைந்து. பிட்ஸ்பர்க் போய் டாக்டரைப் பார்த்தான். கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். "அந்தாளுக்கு என்ன தெரியும், அவர் என்ன சுடுறவரா?" என்றான் டீன். டாக்டரைவிடத் தாளை நம்பினான்.

ஜூலையில் பழைய எஃகுப் பிஸ்டலைக் கொண்டுவந்து சுட்டுப் பார்த்தான். அதிலும் கீழே, இடது பக்கம். அந்தத் துப்பாக்கியை நான் தொடவே இல்லை. இதைத் தயவுசெய்து தனியாக அடிக்கோடிட்டு எழுதுங்கள். அது முழுக்க அவனே செய்துகொண்டது.

கார் ஓட்டுவதை விட்டான். வீட்டு விருந்தில் கறி வெட்டுகிற கத்தியை மருமகனிடம் கொடுத்துவிட்டான். கோப்பையை எடுக்கும்போது இரண்டு கையாலும் பிடித்தான். சிந்திவிடுமோ என்று அவன் கூச்சப்படுவதைப் பார்த்து, நானே அவனுக்கு அரைக் கோப்பைதான் ஊற்றுவேன், மற்றவர்கள் கவனிக்காதபடி. அவ்வளவு பரிவாக வேறு யார் இருந்தீர்கள், சொல்லுங்கள்.

அவன் மனைவி மார்சி என் வீட்டுக்கே வந்தாள்.

"ரஸ், அவர் கை நடுங்கவே இல்ல. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாரு."

"நீ ஆசையில பாக்குற மார்சி. நாங்க தாளப் பாக்குறோம்" என்றேன். அழுதாள். காரில் ஏறும்வரை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு போனேன்.

செப்டம்பரில் டீன் பிஸ்டலை எனக்கே கொடுத்துவிட்டான். வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவில் மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னான். "நல்ல துப்பாக்கிடா இது. கோளாறு எங்கிட்டதான். உன் கைக்குத்தான் படியுது, வச்சுக்கோ" என்றான். நீலக் கோப்பையை ஆணியிலிருந்து எடுத்து, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போனான். அன்று எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

இனி நான் செய்த ஒரே தப்புக்கு வருகிறேன். வருஷப் போட்டிக்கு முன்னால் டீன் கொடுத்த பிஸ்டலின் குறிகளை நேராக்கிவிட நினைத்தேன். நேராக்கிச் சுட்டால் எல்லாம் மேலே வலது மூலையில் போய் விழுகிறது. கோணல் துப்பாக்கியிலேயே பழகிப் பழகி, நேரான துப்பாக்கி என் கைக்கு உதவாமல் போய்விட்டது. மறுபடி கோணலாக்கிக்கொண்டேன். போன சனிக்கிழமை நாலு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தேன். என் கோப்பையை முதல் ஆணியில் மாட்டினேன்.

ஜெயித்த துப்பாக்கியைக் கை மாற்றி எல்லாரும் ஆளுக்கு ஐந்து குண்டு சுடுகிற வழக்கம் எனக்கு மறந்தே போச்சு. பதினாலு வருஷமாக அந்த நேரத்தில் நான் காபி போடுகிறேன் என்று ஷெட்டுக்குள் போய்விடுவேன். டீனின் துப்பாக்கியைத் தொட எனக்கு இஷ்டம் இருந்ததில்லை. இந்தத் தடவையும் பழக்கத்தில் உள்ளே போனேன். வெளியே வந்தபோது ஒன்பது தாள்கள் வரிசையாகத் தொங்கின. ஒன்பதிலும் கீழே, இடது பக்கம்.

"என்னப்பா, நம்ம எல்லாருக்குமே ஒரே நாள்ல பயம் வந்துருச்சா?" என்றார் வால்ட். யாரும் சிரிக்கவில்லை. லொரெட்டா, நீங்கள் பிஸ்டலைக் கை ஆடாதபடி மணல் மூட்டைமேல் வைத்து நிதானமாக மூன்று சுட்டீர்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

ஆமாம். நான்தான் செய்தேன். இரண்டு தட்டு, ஒரு திருகு. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

போனை எதற்கு என் பக்கம் தள்ளுகிறீர்கள்? வருகிற வெள்ளிக்கிழமை டீன் வீட்டை விற்கிற பத்திரத்தில் கையெழுத்து என்று எனக்கும் தெரியும். அவன் என்னை மன்னித்துவிடுவான் என்பதும் தெரியும். சிரிப்பான், லாரியில் ஏற்றிய சாமானை இறக்குவான், அடுத்த சனிக்கிழமை தானே காரை ஓட்டிக்கொண்டு அந்த எஃகுப் பிஸ்டலோடு இங்கே வந்து நிற்பான். அந்த வயதில் அவ்வளவு பெரிய அதிர்ச்சி உடம்புக்கு ஆகாது. அவன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

நீங்களே கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள், தடுக்கவில்லை. துப்பாக்கி கோணல் என்று சொல்வீர்கள். அப்படியானால் ரஸ் எப்படிப் பத்தையும் நடுவில் போட்டான் என்று கேட்பான். உங்கள் பேச்சை வைத்து எதையும் முடிவு செய்யமாட்டான். எனக்குப் போன் போடுவான். "லொரெட்டாவுக்கு நல்ல மனசுடா டீன், உனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு ஏதோ சொல்றாங்க" என்று நான் சொல்லுவேன், அவனும் நம்பிவிடுவான்.

இதை மட்டும் குறிப்பில் எழுத வேண்டாம். என் கோப்பையை இப்படிக் கொடுங்கள், கழுவி அதன் இடத்தில் மாட்டிவிட்டுப் போகிறேன்.