ஈயம் கோத்த பாவாடை

கடலோரத்தில் படம் எடுக்கிறவனுக்கு முதல் எதிரி காற்றுதான், சார். வெளிச்சம் குறைந்தால் விளக்குப் போடலாம். காற்றை யாரிடம் போய்ச் சொல்வது? முடி கண்ணில் விழும், துணி தூக்கும், பாடுபட்டுப் பூசிய பவுடர் மேல் உப்புப் படியும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு நான் செய்த ஒவ்வொன்றுக்கும் தொழில்முறையில் ஒரு காரணம் இருந்தது. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

என் பெயர் பிராங்கிளின். பத்திரிகைகளில் ஃபிராங்க் என்று வரும். பிறந்தது ராயபுரம் என்று நான் எங்கும் போட்டுக்கொள்வதில்லை. ஒளித்ததில்லை, யாரும் கேட்டதில்லை.

மதி மேடத்தின் ஃபேஷன் ஷோவுக்கு 'உப்பு' என்று பெயர். நுங்கம்பாக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கும் மேடம் ஒருநாள் காரில் வழி தவறி எண்ணூர் வந்து, அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டாராம். "இவ்வளவு அழகை வெச்சுக்கிட்டு இந்த ஜனங்க ஏன் கம்ப்ளெயின்ட் பண்றாங்க, ஃபிராங்க்?" என்று என்னிடம் கேட்டார். காத்திவாக்கத்தில் கழிமுகத்தை ஒட்டி உடைந்து கிடந்த படகுத்துறைக்குப் பலகை அடித்து நடைமேடை ஆக்கினார்கள். மணலி ஆலைகளிலிருந்து வரும் நாற்றத்துக்காக விருந்தினர்களுக்கு மல்லிகை வாசனை தெளித்த முகக்கவசம். உடைகள் எல்லாம் மீன்வலையில் தைத்தவை. நடக்க வந்தவர்கள் ஊர்ப் பெண்கள், 'நிஜ முகங்கள்'. அந்த நிஜ முகங்களுக்கு மேக்கப் போட மும்பையிலிருந்து ஆள் வந்திருந்தது.

புகைபோக்கிகள் பின்னால் தெரிய வேண்டுமானால் நான் தண்ணீரில்தான் நிற்க வேண்டும். பொன்னுரங்கம் என்ற மீனவரின் ஃபைபர் படகை மேடை முனைக்கு எதிரே நங்கூரம் போட்டு நிறுத்தி, இரண்டு பெரிய விளக்குகளோடு அதில் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. அந்த விளக்குகளைப் பார்த்து வருகிறவளுக்குக் காலடி தெரியாது. அதனால் ஒத்திகையில் பெண்களுக்கு ஒரு விதி சொல்லிக்கொடுத்தேன். கீழே பார்க்கக் கூடாது. என் லென்ஸைப் பார்த்தே வர வேண்டும். ஃபிளாஷ் அடித்ததும் நின்று திரும்ப வேண்டும். அதுவரை நடந்துகொண்டே இருக்க வேண்டும். முனையில் கால் தட்டுவதற்கு ஒரு மரச்சட்டமும் அடித்திருந்தது.

அந்த விதியை முதலில் பிடித்துக்கொண்டவள் ஜெரினாதான். திருவொற்றியூரில் ஒரு நகைக்கடையில் வேலை பார்க்கிற காத்திவாக்கத்துப் பெண். "நீ பாட்டுக்கு ஃபிளாஷ் அடிக்க மறந்துட்டன்னு வெச்சிக்கோ, நான் நேரா சிலோன்தாண்ணா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை.

மதியம் உடைமாற்றும் தட்டிக்குப் பின்னால் சில படங்கள் எடுத்தேன். மேடைக்குப் பின்னால் எடுக்கிற படம்தான் இந்தத் தொழிலின் உயிர், சார். பார்க்கிறார்கள் என்று தெரியாத முகம். முகம் மட்டும்தானா என்று கேட்கிறீர்கள். கேமரா உங்களிடம்தானே இருக்கிறது.

ஜெரினா பார்த்துவிட்டாள். "இன்னாண்ணா பண்ணிகினுகீற? காட்டு அத்த." காட்டினேன். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். "கலீஜா கீதுண்ணா. அத்தினி பேரும் உன்ன வாய் நெறைய அண்ணான்னு கூப்டுதுங்க. இப்ப கத்துனன்னா ஷோ நின்னு பூடும். அதுங்க ஆசையா வந்துகீதுங்க, எங்கம்மா வேற மொத வரிசைல குந்திகினுகீது. முடியட்டும். முட்ச்சிட்டு எங்கண்ணனாண்ட சொல்றேன். ஒண்ணத்தையும் அழிக்காத."

சொன்னால் என் பெயர் அன்றோடு முடிந்தது. இனி எந்த மேடையும் என்னைப் பின்பக்கம் விடாது. எனக்கு யோசிக்க நேரம் கொடுத்தது அவள்தான், சார். அப்போதே கத்தியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பாள். குறையாகச் சொல்லவில்லை.

அவள் உடுத்த வேண்டியது நிஜ வலையில் தைத்த பாவாடை. வலை தண்ணீரில் அமிழ்வதற்கு அடியில் ஈயக்குண்டுகள் கோத்திருப்பார்களே, அவற்றைத் தையல்காரர் வசீம் கழற்றிப் பக்கெட்டில் போட்டிருந்தார். காற்றுக்குத் துணி தூக்குகிறது, திரும்பக் கோத்துவிடுங்கள் என்றேன்.

"செம வெயிட்டா பூடும் சார். பொண்ணு எப்டி நடக்கும்?"

"நடக்கத்தான போவுது வசீம். நீஞ்சவா போவுது?"

சிரித்துக்கொண்டே கோத்தார். அந்தப் பக்கம் வந்த மதி மேடம் விளிம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வாவ்! உழைப்போட பாரம்!" என்றார். முனையில் இருந்த மரச்சட்டம் படத்தில் கோடாக விழுகிறது என்று சொன்னேன். மேடமே ஆள் வைத்துப் பிடுங்கிப் போட்டார்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஷோ தொடங்கியது. மற்றப் பெண்கள் எல்லாருக்கும் சரியான இடத்தில் ஃபிளாஷ் அடித்தேன். ஒருத்திக்கும் கால் இடறவில்லை. என்னைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை.

ஜெரினா கடைசியாக வந்தாள். ஈயம் பலகையில் உரசுகிற சத்தம் படகுவரை கேட்டது. முகத்தில் கோபம் இருந்தது. படத்துக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. இவ்வளவு கோபத்திலும் அவள் என் லென்ஸை விட்டுக் கண் எடுக்கவில்லை. என் ஃபிளாஷ் வரும் என்று நம்பித்தான் காலை எடுத்துவைத்தாள். ஏன் அடிக்கவில்லை என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். அணைத்து வைத்திருந்தேன், சார். படம் மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

விழுந்தாள். சத்தம் அதிகம் இல்லை. முதலில் கைதட்டியது மதி மேடம். பிறகு முகக்கவசம் போட்ட எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

பொன்னுரங்கம் சட்டையைக் கழற்றிவிட்டார். "நைனா, பொண்ணு வுயுந்துட்ச்சி!"

ராயபுரத்துப் பேச்சு எனக்கு மறக்கவில்லை. "ஷோ நைனா இது. இப்டித்தான் முடியும். படகை ஆட்டாத, குந்து."

"நெசமாவா?"

"அங்க பாரு. எல்லாம் கைதட்டிகினுகீறாங்க."

அவர் கரையைப் பார்த்தார். அவ்வளவு பெரிய மனிதர்கள் கைதட்டுகிறார்கள். "அதான பாத்தேன். எங்கூரு பொண்ணு, மீனாட்டம் நீஞ்சும்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார். அவர்மேல் வழக்குப் போடாதீர்கள். அவருக்கு ஃபேஷன் தெரியாது.

அவளுடைய அம்மா மட்டும் கத்திக்கொண்டு ஓடிவந்ததாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். என் ஃபிரேமில் அவர் இல்லை.

ஜெரினா ஒருமுறை மேலே வந்தாள். பக்கத்தில்தான், கை நீட்டினால் எட்டியிருக்கும். இரண்டு கையிலும் கேமரா இருந்தது. கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் கடைசிப் படத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்ணில் பயம் தெரிகிறது என்று உங்கள் எஸ்.ஐ. சொன்னார். பாவம், அவருக்குப் படம் பார்த்துப் பழக்கமில்லை. நகைக்கடையில் நின்றுகொண்டிருந்த ஒரு முகத்தை நான் ஊர் உலகமே பார்க்கும்படி செய்திருக்கிறேன். நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள், சார்.

அது நன்றி.